முதுகுப்பைக்கு ஒரு கூரை: முதல் தார்ப்பாயைத் தேர்ந்த விதம்

டெல்டாவில் தார்ப்பாய் இல்லாத விவசாய வீடு அரிது. அறுத்த நெல் களத்தில் கிடக்கும்போது வானம் கறுத்தால் ஓடிப்போய் எடுப்பது அதைத்தான். கொள்முதல் நிலையத்து வாசலில் முறைக்குக் காத்திருக்கும் குவியல்களின் மேலும் அதுதான் கிடக்கும். அதனால், பையை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறேன், ராத்திரி தங்க ஒரு தார்ப்பாய் வாங்க வேண்டும் என்று சொன்னபோது வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. "வாங்குறது எதுக்கு? கொட்டகையில ரெண்டு கெடக்கே, ஒண்ணைத் தூக்கிட்டுப் போயேன்டா" என்றார் பெரியப்பா.

தூக்கிக்கொண்டு போக முடியாது. அவர் காட்டியது 15க்கு 18 அடி, 200 ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் எடை என்பது. அந்தத் தார்ப்பாயின் பரப்பு ஏறக்குறைய 25 சதுர மீட்டர். பெருக்கினால் 5 கிலோ. ஆனாலும் அவர் சொன்னதில் பாதி சரி. எந்த அளவு வாங்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அந்தப் பழைய நெல் தார்ப்பாயைவிட நல்ல கருவி கிடையாது. மடித்தால் எந்த அளவுக்கும் வரும், காசும் செலவில்லை. வாங்கிய பிறகு சின்னது என்று தெரிந்து விழிப்பதற்கு, வாங்குவதற்கு முன்னால் களத்தில் மடித்துக் கட்டிப் பார்த்துவிடலாம்.

ஏன் கூடாரம் வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் போட்ட திட்டம், தை பிறந்ததும் கல்லணையில் தொடங்கி காவிரிக் கரையோடு திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, சுவாமிமலை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் பூம்புகார் வரை நடப்பது. அது நன்றாக அமைந்தால் அடுத்து பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம். நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலு பக்கமும் மூடிய மலிவான கூடாரத்துக்குள் படுத்தால் விடியும்போது சட்டை பிழியும்படி இருக்கும். காற்றோட்டமுள்ள நல்ல கூடாரத்தின் விலை என் கைக்கு எட்டாது. கூரை, கயிறு, முளை, கொசுவலை எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் என்று வைத்துக்கொண்டேன். அந்தப் பணத்துக்குத் தார்ப்பாய்தான் சரி.

களத்தில் இரண்டு மூங்கில் கழி நட்டு, இடையில் மூன்றடி உயரத்தில் ஒரு கயிறு. இதை முகட்டுக் கயிறு என்று சொல்கிறேன். அதன் மேல் மடித்த தார்ப்பாயைப் போட்டு, இரண்டு ஓரத்தையும் தரையில் செங்கல் வைத்து இழுத்தேன். கீழே எவ்வளவு இடம் கிடைக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு அளந்தேன்.

ஆறடி அகலமாக மடித்தபோது இரண்டு பக்கமும் மூன்றடி மூன்றடியாக நேரே தொங்கியது; உள்ளே இடமே இல்லை. எட்டடி அகலத்தில் தரையில் ஐந்தேகால் அடி. ஒன்பது அடியில் ஆறே முக்கால் அடிக்குக் கொஞ்சம் கம்மி. பத்தடியில் சரியாக எட்டடி. அந்தக் கடைசிக் கணக்கு எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அஸ்திவாரம் தோண்டும்போது மூலைமட்டம் பார்க்கப் பிடிக்கிற 3-4-5தான் அது. உயரம் மூன்று, சரிவு ஐந்து, ஒரு பக்கத்துத் தரை நாலு. முகட்டை உயர்த்தினால் தரை சுருங்கும். ஒன்பதடித் தார்ப்பாயை நாலடி உயரத்தில் கட்டினால் கீழே கிடைப்பது நாலடிதான். "உள்ளே நிமிர்ந்து உட்கார வேண்டும்" என்று ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. எனக்கு மூன்றடி போதும். தலை முகட்டில் லேசாக உரசும், அவ்வளவுதான்.

தரையில் கிடைப்பது எல்லாமே படுக்க ஆகாது என்பதும் அங்கே படுத்துப் பார்த்தபோது தெரிந்தது. ஓரத்தில் ஒரு அடிக்குக் கூரை முகத்தருகே வந்துவிடுகிறது. பனி ஈரம் பிடித்த துணியில் போர்வை பட்டால் போர்வையும் நனையும். ஆக, ஒன்பதடி அகலத்தில் உண்மையில் புழங்கக் கிடைப்பது நாலே முக்கால் அடி. ஒருவருக்கும் பைக்கும் தாராளம். இரண்டு பேர் நெருங்கிப் படுக்கலாம், ஆனால் ஒருவர் புரண்டால் மற்றவர் சுவரைத் தொடுவார்.

நீளத்துக்கு வேறு கணக்கு. முன்னும் பின்னும் வாய் திறந்த கூரை இது. மழை 45 பாகைச் சாய்வில் அடித்தால், மூன்றடி உயரத்து வாய் வழியாக மூன்றடி தூரம் உள்ளே வரும். என் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். ஒன்பதடி நீளத்தில் இரண்டு பக்கமும் ஒன்றே முக்கால் அடிக்கும் குறைவாகத்தான் மிச்சம். தலையும் நனையும், காலும் நனையும். பன்னிரண்டு அடி இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் கால்மாட்டுப் பக்கத்தைத் தரையோடு தாழ்த்திவிட்டால் அந்த வாய் மூடிக்கொள்ளும். அப்போது தலைமாட்டுக்கு மட்டும் இடம் விட்டால் போதும், பத்தடி நீளமே காணும். கால்மாட்டைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி வைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது பெரும்பாலும் வடகிழக்கு.

இப்படி மடித்தும் விரித்தும் பார்த்ததில் பத்துக்குப் பத்து, அதாவது மூன்று மீட்டர் சதுரம் என்று முடிவுக்கு வந்தேன். சதுரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. மூலைக்கு மூலை மடித்துக் கட்டினால் முகடு 4.24 மீட்டர், சுமார் 14 அடி நீளும். பக்கவாட்டில் மறைப்பு குறையும், ஆனால் காற்று நன்றாக நுழையும். பங்குனி, சித்திரையில் மதிய நிழலுக்கு இந்தக் கட்டுதான் எனக்குப் பிடிக்கிறது.

அளவு முடிவானது. அப்புறம் துணி.

கும்பகோணத்தில் தார்ப்பாய் விற்கும் கடைக்குப் போனால் முதல் கேள்வியே "நெல்லுக்கா தம்பி, லாரிக்கா?" என்பதுதான். தோளில் போட்டுக்கொண்டு நடக்க என்றதும் அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பாதயாத்திரையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், சுருக்கமாக இருக்கட்டும் என்று. 90, 120, 150, 200 என்று ஜிஎஸ்எம் வாரியாக எடுத்துப் போட்டார். இவையெல்லாம் எச்டிபிஇ என்கிற பிளாஸ்டிக் நாடாவைப் பாய் மாதிரி நெய்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியவை. விலை சில நூறு ரூபாயில் அடங்கிவிடும். 9க்கு 12 அடி என்பது ஏறக்குறைய 10 சதுர மீட்டர், அதனால் கணக்கு சுலபம்: 90 ஜிஎஸ்எம் என்றால் 900 கிராம், 120 என்றால் 1 கிலோ 200, 200 என்றால் 2 கிலோ. சொல்லும் ஜிஎஸ்எம் உண்மைதானா என்று தெரிய மளிகைக் கடைத் தராசே போதும். எடையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். அளவையும் டேப் வைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பு மடித்துத் தைப்பதற்கு முந்தைய அளவைச் சொல்லித்தான் பல இடங்களில் விற்பார்கள். கையில் வருவது இரண்டு பக்கமும் சில அங்குலம் குறைவாக இருக்கும்.

120 ஜிஎஸ்எம்மில் ஒன்று வாங்கினேன். மோசமில்லை. தண்ணீர் ஒரு சொட்டு உள்ளே வராது, முள் பட்டால் கவலையில்லை, விலையைப் பார்த்தால் அழவும் வேண்டாம். குறை என்னவென்றால் சத்தம். லேசான காற்றுக்கே சடசடவென்று அடிக்கிறது, தூக்கம் பிடிக்கிற நேரமாகப் பார்த்து. விறைப்பாக இருப்பதால் சுருட்டினால் ஒரு தலையணை அளவு வருகிறது, பைக்குள் பாதி இடம் போய்விடும். ஒரே மடிப்பில் திரும்பத் திரும்ப மடித்தால் அந்தக் கோட்டில் படலம் வெடித்து ஊசித் துளைகள் விழும். வெயிலிலேயே கிடந்தால் நாடா நொறுங்கிப்போகும். கொட்டகைக் கூரையில் ஒரு கோடை கிடந்த நீலத் தார்ப்பாயை உதறிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நண்பர் ஒருவர் ஃப்ளெக்ஸ் பேனரைச் சொன்னார். ஊரில் அதற்கா பஞ்சம், மாட்டுக்கொட்டகை பாதி அதில்தான் நிற்கிறது. பிவிசி பூசிய அந்தத் துணி ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராமுக்கு மேல் வரும். என் அளவுக்கு இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது. எடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கண்ணீர் அஞ்சலி பேனருக்குக் கீழே தனியாகப் படுத்திருப்பவனை ராத்திரி யாராவது டார்ச் அடித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

மலையேறும் சாமான் விற்கும் கடைகளில் கிடைப்பது வேறு ரகம். அங்கே எழுதியிருக்கும் எண்களைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். டினியர் என்பது நூலின் பருமன்: 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டினியர். 20 டினியர் மெலிசு, 70 டினியர் முரடு. 190T, 210T என்று இருந்தால் அது இழை நெருக்கம். 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்பது தண்ணீர் தாங்கும் அளவு. துணியின் மேல் அத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்று பொருள். கூரைக்கு 1,500 இருந்தாலே போதும், ஏனென்றால் சரிவில் தண்ணீர் நிற்பதில்லை. தரையில் விரிப்பதற்குத்தான் அதிகம் வேண்டும். முழங்காலை ஊன்றும்போது விழும் அழுத்தம் மழையைவிடப் பெரிது.

துணியில் மூன்று தரம். பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர் மலிவு, சதுர மீட்டருக்கு 80 கிராம் சுற்றி வரும். சிலிக்கான் ஏற்றிய நைலான் அதில் பாதி எடை, விலை பல மடங்கு. நனைந்தால் நைலான் ஈரத்தைக் குடித்து நெகிழும். மாலையில் விண்ணென்று இழுத்துக் கட்டியது நடுராத்திரி தொய்ந்து முகத்தில் விழும், எழுந்து மறுபடி இழுக்க வேண்டும். பாலியஸ்டர் அப்படித் தொய்வதில்லை. மூன்றாவது, டைனீமா என்கிற வலுவான இழை கலந்த துணி. சதுர மீட்டருக்கு 20 கிராமுக்குக் கீழேகூடக் கிடைக்கும், தண்ணீரே குடிக்காது. அதன் விலைக்கு ஒரு கறவை மாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். முதல் தார்ப்பாய் வாங்குகிறவர் அந்தப் பக்கம் திரும்பவே வேண்டாம் என்பேன்.

பாலியூரித்தேன் பூச்சுள்ள பாலியஸ்டரில் மூன்று மீட்டர் சதுரம் எடுத்தேன். ஆயிரத்துச் சொச்சம். எடை 850 கிராம். வாங்கும்போது நான் பார்த்தது நிறத்தையோ பேரையோ அல்ல, ஓரத்தில் எத்தனை இடத்தில் கட்ட வழி இருக்கிறது என்பதை. நாலு மூலையில் மட்டும் வளையம் இருந்தால் ஒரே மாதிரிதான் கட்ட முடியும். மூலை நாலு, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்றிரண்டு, முடிந்தால் துணியின் முதுகில் நடுவில் ஒன்று. உலோக வளையத்தைவிட நாடாவை மடித்துத் தைத்த காது நல்லது. உலோக வளையம் துணியை ஓட்டை போட்டுப் பொருத்தியது. பலமாக இழுத்தால் துணியோடு பிய்த்துக்கொண்டு வரும்.

வளையம் பிய்ந்தாலும் காது இல்லாத இடத்தில் கட்ட வேண்டியிருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. கோலிக்குண்டு ஒன்றைத் துணியின் அடிப்பக்கம் வைத்து, மேலே துணியோடு சேர்த்துப் பிடித்து, குண்டின் கழுத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டு இறுக்குங்கள். துணியில் ஓட்டை இல்லை, எவ்வளவு இழுத்தாலும் குண்டு நழுவாது. கூழாங்கல்லும் ஆகும், ஆனால் முனை கூராக இருந்தால் பூச்சைக் கிழிக்கும். கோலிக்குண்டு நாலு எப்போதும் பையில் கிடக்கிறது. எச்டிபிஇ தார்ப்பாயிலும் இதே வேலை செய்யும், வளையத்தை நம்பவே தேவையில்லை.

இனி கயிறு. இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், அதற்கு நியாயமும் இருக்கிறது: துணி சுமாராக இருந்து கயிறு நன்றாக இருந்தால் சமாளிக்கலாம், தலைகீழாக இருந்தால் முடியாது. கடையில் பளபளவென்று இருக்கும் எல்லாக் கயிற்றையும் நைலான் கயிறு என்றுதான் கொடுப்பார்கள். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு, விரலால் கசக்கிக் காற்றுக் குமிழைப் போக்கிவிட்டுப் பாருங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது அதன் உறவு. மூழ்கினால் நைலானோ பாலியஸ்டரோ. மிதக்கிற ரகம் மலிவு, தண்ணீர் குடிக்காது. ஆனால் வழவழப்பில் முடிச்சு நிற்காது, வெயிலில் சீக்கிரம் நைந்து தூசாக உதிரும். நைலான் பலமானது, ஆனால் ஈரத்தில் நீளும். கூரை கட்டப் பாலியஸ்டர் பின்னல் கயிறுதான் நல்லது. முகட்டுக்கு 3 மி.மீ. தடிமனில் பத்து மீட்டர், பக்கங்களுக்கு 2 மி.மீ. தடிமனில் இரண்டிரண்டு மீட்டராக ஆறு துண்டு. வெட்டிய முனைகளைத் தீக்குச்சியில் காட்டி உருக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் துடைப்பம் ஆகிவிடும். தேங்காய் நார்க் கயிறு முடிச்சை நன்றாகப் பிடிக்கும், ஆனால் நனைந்தால் கனம், காய மறுநாளாகும்.

முகட்டுக் கயிற்றை விறைப்பாக இழுப்பதற்கு ஒரு கட்டு வேண்டும். அதை எங்கள் ஊர் லோடுமேன் ஒருவரிடம் கற்றேன். நெல் மூட்டை ஏற்றிய லாரியில் தார்ப்பாயை இறுக்க அவர்கள் போடுவது அதுதான். ஒரு முனை இந்த மரத்தில். கயிற்றின் நடுவில், அடுத்த மரத்துக்கு இரண்டடி முன்னால், கயிற்றை ஒரு முறுக்கு முறுக்கி அதன் வழியாக இன்னொரு மடிப்பை இழுத்து ஒரு காது செய்ய வேண்டும். மிச்சக் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் காதுக்குள் விட்டு, வந்த வழியே திருப்பி இழுத்தால் கப்பி போட்டு இழுப்பது போல வலு கூடும். கயிறு விண்ணென்று நிற்கும். "இழுக்கறப்ப காதைப் பாக்காதீங்க தம்பி, மரத்தைப் பாருங்க. அப்பத்தான் எம்புட்டு இறுகுதுன்னு தெரியும்" என்றார் அவர். காதருகே விரலால் நெரித்துப் பிடித்துக்கொண்டு, மடிப்பாகவே இரண்டு சுருக்குப் போட வேண்டும். மடிப்பாகப் போட்டால் காலையில் ஒரே இழுப்பில் அவிழும். ஈரத்தில் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறவர்கள் இதைக் கற்றுக்கொண்டால் பல் மிஞ்சும்.

முகட்டுக் கயிறு துணிக்குள் நுழையும் இடத்துக்கு வெளியே நாலு விரல் தள்ளி ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட வேண்டும். மரத்திலிருந்து கயிற்றோடு வழிந்து வரும் மழைத் தண்ணீர் அந்த நூலில் இறங்கித் தரையில் சொட்டிவிடும். அது இல்லாவிட்டால் தண்ணீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேரே உங்கள் நெஞ்சுக்கு மேலே வந்துதான் சொட்டும்.

முளை விஷயத்தில் டெல்டா ஒரே மண் அல்ல. வயல் ஓரத்துக் களிமண், தையில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும்போது அலுமினிய முளை வளைந்துபோகும். ஈரமாக இருந்தால் வெண்ணெய் போல இறங்கி, காற்று நாலு இழுப்பு இழுத்ததும் வெளியே வந்துவிடும். கரையோர வண்டல் மண்தான் நல்ல மண்: கையால் அமுக்கினாலே இறங்கும், பிடித்துக்கொள்ளும். பூம்புகார்ப் பக்கம் கடற்கரை மணலில் எந்த முளையும் நிற்காது. மாடு கட்டும் முளையைப் பார்த்து, மூங்கிலில் ஒன்றேகால் அடி நீளத்துக்குச் சீவிக்கொண்டேன். தலையில் கயிறு தங்க ஒரு வெட்டு, முனையைத் தணலில் லேசாக வாட்டியது. கயிறு இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் தலை சாயும்படி அடிக்க வேண்டும், நேராக அடித்தால் பாதி பிடிமானம் போய்விடும். மணலில் முளையை அடிக்காமல் படுக்கை வாட்டத்தில் புதைப்பது நல்லது: முழங்கை ஆழம் தோண்டி, நடுவில் கயிறு கட்டிய குச்சியைப் படுக்கப்போட்டு மணலைத் தள்ளி மிதித்துவிட்டால் ஆள் தொங்கினாலும் வராது. துணிப்பையில் மணலை நிரப்பிப் புதைத்தாலும் அதே வேலைதான்.

கழி தனியாக வாங்கவில்லை. நாலடி மூங்கில் ஒன்று நடக்கும்போது கைக்கும் ஆகும், நாய் விரட்டவும் ஆகும், ராத்திரி தலைமாட்டுத் தூணாகவும் நிற்கும். கடலோரத்தில் சவுக்குத் தோப்புகள் வரிசை பிசகாமல் இருக்கும். அங்கே கழியே தேவையில்லை, வரிசையில் அடுத்தடுத்த மரங்களைப் பார்த்துக் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. கோடியக்கரை சரணாலயம் மாதிரி வனத்துறை இடங்களில் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது.

எங்கே கட்டக் கூடாது என்பதும் தேர்வில் சேர்ந்ததுதான், ஏனென்றால் இடத்தைப் பொறுத்துத்தான் எவ்வளவு கயிறு, எத்தனை முளை என்பது மாறும். தென்னைக்குக் கீழே கூடாது. நெற்று விழாவிட்டாலும் மட்டை விழும். காய்ந்த மட்டை ஒன்று போதும், துணியும் போகும், மண்டையும் போகும். டெல்டாவில் நிழல் என்றாலே தென்னைதான் என்பதால் இது கஷ்டமான விதி, ஆனால் விதி. ஆற்றுக்குள் மணல்திட்டு பார்க்க ஆசையாக இருக்கும், அங்கும் கூடாது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாள் போல ஆகும். இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு ஏறலாம். வழக்கமான கணக்கில் ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். அந்த இடைவெளியில் கரைக்கு மேலேதான் படுக்கை. கொள்ளிடம் இன்னும் மோசம், உபரி முழுவதும் அதில்தான் போகும், அதுவும் திடீரென்று. இடி இடித்தால் தார்ப்பாயை மறந்துவிட்டு ஏதாவது கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். நம் சமவெளியில் தனி மரமும் அதில் கட்டிய கயிறும் ராத்திரி தங்கும் இடமல்ல.

மழைச் சோதனையைப் பெரியப்பாவின் மாந்தோப்பில், கார்த்திகையில் செய்தேன். எச்டிபிஇ ஒன்றும் பாலியஸ்டர் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில். இரண்டும் ஒழுகவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் தெரிந்தது. விறைப்பான எச்டிபிஇயில் சரிவின் நடுவில் ஒரு சின்னக் குழிவு விழுந்து, அதில் ஒரு சொம்புத் தண்ணீர் சேர்ந்து நின்றது. கையால் தட்டிவிட்டால் மறுபடியும் சேரும். பாலியஸ்டரைப் பக்கவாட்டு நடுக் காதிலும் இழுத்துக் கட்டியதால் குழிவு விழவில்லை. ஆனால் தையல் வழியாக முத்து முத்தாக ஈரம் கோத்தது. ஊசி போன ஓட்டைகள்தான் காரணம். மறுநாள் காயவைத்து, அந்தப் பூச்சுக்கான தையல் பசையை உட்பக்கம் தூரிகையால் மெலிசாகத் தடவினேன். சிலிக்கான் துணி வாங்குகிறவர்கள் அதில் சிலிக்கான் பசையைத்தான் தடவ வேண்டும், மற்றது உரிந்து வந்துவிடும். ஓரம் தரையைத் தொடாமல் நாலு விரல் தூக்கிக் கட்டியிருந்தேன், காற்றுக்காக. அதன் கீழாகச் சேறு தெறித்துப் பாயின் ஓரம் நனைந்தது. அது ஒழுகல் அல்ல, தெறிப்பு. உள்ளே இன்னும் அரையடி தள்ளிப் படுத்தால் தீர்ந்தது. மேட்டுப் பக்கம் பார்த்துப் படுக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை.

மழையைவிடப் பனிதான் தையில் தொல்லை. தெளிந்த வானத்துக்குக் கீழே கூரைத் துணி குளிர்ந்து, நம் மூச்சின் ஈரமும் தரையின் ஈரமும் அடிப்பக்கத்தில் படிகிறது. இரண்டு வாயும் திறந்திருந்தால் குறையும், அடியோடு போகாது. மரத்தடியில் கட்டினால் வெட்டவெளியைவிடக் குறைவு. ஒரு சிறு துண்டு வைத்துக்கொண்டு விடிகாலையில் துடைத்துவிடுவேன்.

மூவாயிரத்தில் துணிக்கு அடுத்தபடி பணம் போட வேண்டியது கொசுவலையில். வலை இல்லாத தார்ப்பாய் நம் ஊரில் பாதிக் கூரைதான். ஒற்றை ஆள் வலையை முகட்டுக் கயிற்றிலிருந்தே தொங்கவிட்டு, விளிம்பைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகிவிடுகிறேன். செருகுவது கொசுவுக்காக மட்டுமல்ல. கட்டுவிரியன் ராத்திரியில்தான் உலாவும். தரையில் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கிறது, கடித்தது பல சமயம் தெரிவதே இல்லை. இறுகச் செருகிய வலை நல்ல காப்பு. வரப்பு எலி வளையும் வைக்கோல் போரும் இருக்கும் இடத்தை விட்டுத் தள்ளியே படுக்கிறேன். காலையில் செருப்பை உதறிவிட்டுத்தான் கால் வைப்பது.

எல்லாம் சேர்த்து எடை போட்டால்: துணி 850 கிராம், கயிறுகள் 120, மூங்கில் முளை ஆறு 300, வலை 350, தரை விரிப்பாக வெட்டிய பாலித்தீன் தாள் 200. ஒரு கிலோ எண்ணூறுக்குக் கொஞ்சம் மேல். மலைக்குப் போகும்போது மூங்கில் முளைக்குப் பதில் அலுமினியம் ஆறு, 90 கிராம். பணம் இரண்டாயிரத்து எழுநூறு சில்லறை ஆனது. சோதனைக்கு வாங்கிய எச்டிபிஇ தனி, அது இப்போது ஆட்டுக்கொட்டகைச் சாரலுக்கு மறைப்பு.

உங்களுக்கு இதில் எது சரி என்று கேட்டால்: சைக்கிளிலோ வண்டியிலோ போய் ஒரு இடத்தில் தங்குகிறவர் எச்டிபிஇயே வாங்கிக்கொள்ளலாம், எடை பிரச்சினையில்லை. முதுகில் தூக்குகிறவர் பாலியஸ்டரோடு தொடங்கி, இரண்டு பருவம் நடந்த பிறகும் ஆசை இருந்தால் சிலிக்கான் துணிக்குப் போகலாம். இரண்டு பேர் என்றால் மூன்று மீட்டர் சதுரம் போதாது. நீளத்தை மூன்றரை, நாலு மீட்டராகப் பாருங்கள்.

வாங்கியதைக் காப்பாற்றுவதில் ஒன்றுதான் முக்கியம். பாலியூரித்தேன் பூச்சுக்கு எதிரி நம் ஊர்ப் புழுக்கம். ஈரத்தோடு சுருட்டி அலமாரியில் போட்டால் ஒரு மழைக்காலம் தாண்டி எடுக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டும், புளித்த வாடை வரும். அதற்கு அப்புறம் அந்தப் பூச்சு உரிய ஆரம்பிக்கும், சரிசெய்ய வழியில்லை. வீட்டுக்கு வந்ததும் பைக்குள்ளிருந்து எடுத்து, வெயில் படாத திண்ணையிலோ கொடியிலோ ஒரு பகல் முழுக்கக் காயவிட்டு, தையல் ஓரங்களைத் தொட்டுப் பார்த்து, இறுகச் சுருட்டாமல் தளர்வாக ஒரு வேட்டித் துணிப் பையில் போட்டு உத்திரத்தில் மாட்டிவைக்கிறேன். எலி எட்டாத உயரத்தில்.